குரூசோ தீவின் செந்நிறச் சிட்டு

பள்ளியில் ராபின்சன் குரூசோ கதையை நம்மில் பலர் துணைப்பாடமாகப் படித்திருப்போம். அந்தக் கதைக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும் அலெக்சாண்டர் செல்கிர்க்கைப் பற்றித் தேடப் போய், நான் ஒரு பறவையிடம் மாட்டிக்கொண்டேன்.

செல்கிர்க் ஸ்காட்லாந்து மாலுமி. 'கப்பல் ஓட்டை, இதில் வரமாட்டேன்'னு கேப்டனோடு சண்டை போட்டு, 1704ல் சிலியிலிருந்து சுமார் 670 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தீவில் இறங்கிவிட்டார். 1709ல்தான் மீட்கப்பட்டார். நாவல் வந்தது 1719ல். நாவலில் வரும் தீவு இருப்பதோ ஒரினோகோ ஆற்று முகத்துவாரம் பக்கம். ஆனாலும் 1966ல் சிலி அரசு செல்கிர்க் இருந்த தீவுக்கு 'ராபின்சன் குரூசோ'ன்னு பேர் வைத்துவிட்டது.

இந்தத் தீவில் மட்டுமே வாழும் ஓசனிச்சிட்டு ஒன்று உண்டு. (நம்ம ஊர் தேன்சிட்டு வேறு குடும்பம்; ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான்.) ஆண் இலவங்கப்பட்டை நிறம். பெண் அதைவிடச் சிறியது. மேலே நீலப்பச்சை, கீழே வெள்ளை. 1831ல் இதை விவரித்த கேப்டன் பிலிப் பார்க்கர் கிங், ஆணையும் பெண்ணையும் இரண்டு தனி இனங்கள்னே நினைத்துவிட்டார்!

செல்கிர்க் கதையில் எல்லோரும் ரசிக்கும் இடம் ஒன்று. இரவில் எலிகள் அவர் காலைக் கடித்தன. ஆட்டுக்கறி போட்டுப் பூனைகளைப் பழக்கினார். எலித் தொல்லை தீர்ந்தது. யோசித்துப் பார்த்தால் ஆடு, எலி, பூனை மூன்றுமே கப்பலில் வந்தவை. 1704லேயே தீவு பழைய தீவாக இல்லை.

அந்த மூன்றும்தான் இன்று சிட்டுக்கு எமன். ஆடு உள்ளூர்ச் செடிகளை மேய்கிறது. எலி கூட்டைச் சூறையாடுகிறது. பூனை பறவையையே பிடிக்கிறது. பிறகு மனிதர்கள் கொண்டுவந்த பிளாக்பெர்ரி முட்புதர், சிட்டு கூடு கட்டும் லூமா காட்டுக்குள் பரவுகிறது. எங்கள் தொழிலில் அடிக்கடி பார்ப்பதுதான்: ஒரு பக்கைச் சரிசெய்யப் போட்ட பேட்ச், வேறெங்கோ உடைக்கும். என்ன, இங்கே ரோல்பேக் கிடையாது.

மிகையாகச் சொல்லவில்லை. பக்கத்திலுள்ள மாஸ் அஃபுவேரா தீவில் இதே சிட்டின் துணையினம் ஒன்று இருந்தது. 1908க்குப் பிறகு அதைக் காணவில்லை. மிச்சமிருக்கும் குரூசோ தீவின் பரப்பு சுமார் 48 சதுர கிலோமீட்டர்தான். 1935லேயே இந்தத் தீவுக்கூட்டம் தேசியப் பூங்காவாகிவிட்டது. இருந்தும் ஐயுசிஎன் பட்டியலில் இந்தச் சிட்டு 'மிக அருகிய இனம்'. அடுத்த படி, இயற்கைச் சூழலில் அற்றுப்போவது.

ஒரு ஆறுதல். ஆடுகளால் காட்டில் அழியும் நிலைக்குப் போன, தீவுக்கே உரிய முட்டைக்கோஸ் மரத்தை, சான் ஹுவான் பவுதிஸ்தா கிராமத்து மக்கள் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். அதன் ஆரஞ்சுப் பூக்களைத் தேடிச் சிட்டுகள் வாசலுக்கே வருகின்றன.

குரூசோ கற்பனை. இந்தச் சிட்டு இன்னமும் நிஜம். அடுத்த முறை பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.