ஊலாங்: பாதியில் நிறுத்திய தேநீர்

டீக்கடையில் கொதிக்கும் தேயிலைத் தூளும், எடை குறையும் என்று சொல்லி விற்கப்படும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைகள்தான். பறித்த பின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். உடனே சூடாக்கினால் இலை பச்சையாக நின்றுவிடும். கசக்கிக் காற்றில் விட்டால் ஆக்சிஜனேற்றம் முழுதாக நடந்து கறுத்துவிடும். இதைப் பாதி வழியில் நிறுத்தினால் கிடைப்பது ஊலாங். சீன மொழியில் இதற்குக் 'கருப்பு டிராகன்' என்று பொருள்.

இதன் கதையை ஓர் அரச கட்டளையிலிருந்து தொடங்கலாம். சோங் வம்சக் காலத்தில் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து அரண்மனைக்கு வில்லைகளாக அழுத்திய தேயிலை போய்க்கொண்டிருந்தது. அதைச் செய்வதற்குள் குடியானவர்களுக்கு உயிர் போய்விடும். ஏழை வீட்டில் பிறந்து மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ பேரரசர், 1391-ல் "வில்லை வேண்டாம், உதிரி இலையாகவே அனுப்புங்கள்" என்று உத்தரவிட்டார். அதன்பின் உதிரி இலையைப் பக்குவம் செய்யும் புதிய வழிகள் பிறந்தன. அவற்றில் ஒன்றுதான் ஃபூஜியனின் வூயி மலைப் பகுதியில் உருவான ஊலாங்.

செய்முறை கேட்க எளிது. இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் போட்டுக் குலுக்குவார்கள். ஓரங்கள் மட்டும் அடிபட்டுச் சிவக்கும். நடு இலை பச்சையாகவே இருக்கும். எப்போது நிறுத்துவது என்பதை மணத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய வேலை. பிறகு சூடான வாணலியில் வதக்கி, உருட்டி, உலர்த்துவார்கள்.

வூயி மலையின் புகழ்பெற்ற வகை 'தா ஹோங் பாவ்', அதாவது பெரிய சிவப்பு அங்கி. பாறை இடுக்கில் ஆறே ஆறு தாய்ச் செடிகள் நிற்கின்றன. 2005-ல் அவற்றின் 20 கிராம் இலை 2,08,000 யுவானுக்கு ஏலம் போனது. ஒரு கிராம் பத்தாயிரம் யுவானுக்கு மேல்! மறு ஆண்டிலிருந்து அந்தச் செடிகளில் இலை பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பதியன் போட்ட செடிகளின் இலை, அல்லது பல வகைகளின் கலவை. அதே மாகாணத்தின் அன்ஷி பகுதி 'தியே குவான் யின்' வகைக்குப் பெயர் பெற்றது. குவாங்டோங் மாகாணத்தின் ஃபீனிக்ஸ் மலையில் விளையும் 'தான்சோங்' பழம், பூ மணங்களுக்குப் பேர்போனது.

தைவானின் கதை வணிகம் கலந்தது. 1860-களில் ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வணிகர் அன்ஷியிலிருந்து தேயிலை நாற்றுகளைக் கொண்டுவந்து, விவசாயிகளுக்குக் கடனும் கொடுத்தார். 1869-ல் அவருடைய சரக்கு 'ஃபார்மோசா ஊலாங்' என்ற பெயரில் நேராக நியூயார்க் போனது. கடன், மூலப்பொருள், பிராண்டு மூன்றும் ஒரே கையில்!

அந்தத் தீவின் இன்னொரு வகைக்குப் 'பீற்றல் தேநீர்' என்று பெயர். சின்னப் பச்சைத் தத்துப்பூச்சி கடித்துப் பாழாக்கிய இலையை ஒரு விவசாயி மனம் வராமல் பக்குவம் செய்து சந்தைக்குக் கொண்டுபோனாராம். நல்ல விலை கிடைத்தது என்று ஊரில் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை, பீற்றுகிறான் என்றார்களாம். கதை எப்படியோ, காரணம் உண்மைதான். பூச்சி கடித்ததும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருட்களே இலைக்குத் தேன் மணத்தைத் தருகின்றன. இந்த வகையைச் செய்பவர்கள் அதனால் மருந்து அடிக்க முடியாது. விளைச்சல் குறைந்தாலும் பூச்சி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.