அடாப்டர் எழுதினவன் தலையெழுத்து

போன வாரம் ஆபிஸ்ல தூக்கமே இல்லை. நாங்க நம்பியிருக்குற இன்னொரு கம்பெனியோட சர்வீஸ், சொல்லாம கொள்ளாம பதிலோட வடிவத்தை மாத்திடுச்சு. நாங்க எழுதின அடாப்டர் படுத்துடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைச் சரிபண்ணும்போது ஞாபகம் வந்த பழைய கதை இது. கொசுவத்தியைச் சுத்த விடுங்க மக்களே.

வருஷம் 1999. (நான் அப்ப கைக்குழந்தை, எல்லாம் பின்னாடி படிச்சதுதான்.) ஐசிக்யூ, ஏஓஎல் மெசஞ்சர், யாஹூ எல்லாம் தனித்தனித் தீவு. ஜூலையில வந்த எம்எஸ்என் மெசஞ்சர்ல, ஏஓஎல் நண்பர்களோடவும் அரட்டை அடிக்கலாம்னு மைக்ரோசாஃப்ட் வச்சது. ஏஓஎல்கிட்ட அனுமதி கேக்கலை. ரெண்டு பக்கமும் போற வர்ற தகவலைக் கவனிச்சு, அந்த மொழியைக் கத்துக்கிட்டு எழுதினது.

ஏஓஎல் சும்மா விடுமா? சர்வர்ல ஏதாவது மாத்தித் தடுக்கும். மைக்ரோசாஃப்ட் புதுப் பதிப்பு விடும். மறுபடி தடுக்கும். கடைசியில ஏஓஎல் பண்ணினதுதான் உச்சகட்டக் கூத்து. அவங்க மென்பொருள்ல ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்துச்சு. நியாயமா அதை அடைச்சிருக்கணும். அவங்களோ அந்த ஓட்டை வழியா துண்டு நிரல் ஒண்ணை அனுப்பி, அது ஓடித் திரும்பி வர்ற பதிலை வச்சு 'இது நம்மாளு'ன்னு அடையாளம் கண்டுக்கிட்டாங்க! எம்எஸ்என்ல அந்த ஓட்டை கிடையாது, பதிலும் வராது. மைக்ரோசாஃப்ட் கையைத் தூக்கிடுச்சு. பயனரோட கணினி திறந்து கிடந்ததைப் பத்தி யாருக்கு அக்கறை?

அதே வருஷம் ஜனவரியில ஜெரமி மில்லர் அறிவிச்ச ஜாபர் வேற மாதிரி யோசிச்சது. அடாப்டரை சர்வர் பக்கம் வச்சாங்க. பேரு டிரான்ஸ்போர்ட். உங்க மென்பொருளுக்கு ஜாபரோட எக்ஸ்எம்எல் மட்டும் தெரிஞ்சா போதும். டிரான்ஸ்போர்ட் உங்க ஐசிக்யூ எண்ணோட உள்ளே போய் மொழிபெயர்த்துத் தரும். ஐசிக்யூ மாறிச்சுன்னா ஒரே இடத்துல திருத்தினா தீர்ந்தது, பயனர்கள் எல்லாரும் புதுசா டவுன்லோட் பண்ண வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவமைப்பு. ஒரே நெருடல், உங்க ஐசிக்யூ கடவுச்சொல் அந்த சர்வர் நடத்துறவர் கையில இருக்கும்.

2004ல ஜாபர் நெறிமுறை எக்ஸ்எம்பிபிங்கிற பேர்ல தரநிலை ஆச்சு. 2005ல வந்த கூகுள் டாக் அதையே பேசினது, 2006லேருந்து மத்த சர்வர்களோடவும் நேரடியா பேசினது. அடாப்டரே தேவைப்படலை! 2013ல கூகுள் ஹேங்கவுட்ஸுக்குத் தாவி, அதுல அந்தக் கதவைச் சாத்திடுச்சு. ஏஓஎல் மெசஞ்சர் 2017லயும், யாஹூ 2018லயும், ஐசிக்யூ 2024லயும் கடையைக் கட்டினாங்க.

எங்க அடாப்டர் இப்ப ஓடுது. அடுத்த தடவையாவது மாத்துறதுக்கு முன்னாடி சொல்லுங்கன்னு மெயில் போட்டிருக்கோம். பதில் இன்னும் வரலை.