பரம்பரையலகு

பெயர்ச்சொல். பெற்றோரின் இயல்பைப் பிள்ளைக்குக் கடத்தும் கூறு. தமிழ்நாட்டில் மரபணு, இலங்கையின் கலவானப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, அந்நாட்டு விஞ்ஞானப் பாடநூலின்படி, பரம்பரையலகு.

பிறப்பு: 'பரம்பரை' வடசொல், ஒன்றன்பின் ஒன்றாக வருவது. 'அலகு' என்றால் அளவு. பறவையின் மூக்கும் ஆயுதத்தின் கூரும் அதுவே. செய்யுளை அசை பிரித்துப் பார்ப்பது அலகிடுதல். 1909இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யொஹான்சன் ஆக்கிய 'ஜீன்' என்ற சொல்லுக்கு ஈடாக வந்தது இது. டி.என்.ஏ. இழையின் ஒரு துண்டே ஜீன் என்பதால் 'அணு'வைவிட 'அலகு' பொருந்துகிறது.

சேர்க்கை: பரம்பரையலகுச் சிகிச்சை. பழுதான அலகுக்கு ஈடாக நல்லதைக் கலத்துக்குள் செலுத்துவது. நோய் தராதபடி மாற்றிய வைரஸ்தான் பெரும்பாலும் அதைச் சுமந்து செல்லும். சூலகப் புற்றுநோய்க்கு பி53 என்ற அலகை வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லாததால் அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

கவனிக்க: அலகின் வேலை கெடுவதெல்லாம் 'பரம்பரை வியாதி' அல்ல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் எச்.பி.வி. வைரஸின் ஈ6 புரதம் அதே பி53 அலகு ஆக்கும் புரதத்தை அழிக்கிறது. இது தாய்வழி வந்த குறை அல்ல, தொற்று. அதனால் தடுக்கவும் முடியும். 2017 முதல் இலங்கையில் ஆறாம் தரச் சிறுமிகளுக்குப் பாடசாலையிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். 35 வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை உண்டு.