வெயில் நாட்டில் கூண்டு முயலின் ரோம உதிர்வு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வயல்வெளிகளில் தொன்றுதொட்டு வாழும் காட்டுமுயலுக்கும், இன்று வீட்டுக் கொல்லைகளில் கூண்டில் வளரும் முயலுக்கும் நெருங்கிய உறவு இல்லை. முன்னது கண் திறந்த, ரோமம் போர்த்த குட்டிகளைப் புல்மறைவில் ஈனும் இம்மண்ணின் விலங்கு. பின்னது ஐபீரியத் தீபகற்பத்திலும் பிரான்சின் தென்பகுதியிலும் வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வழிவந்தது. அதன் குட்டிகள் கண் மூடி, வெற்றுடலுடன் பிறப்பதால், தாய்முயல் ஈனும் தறுவாயில் தன் வயிற்று ரோமத்தைப் பல்லால் பிடுங்கி மெத்தை அமைக்கும்.

பிரான்சில் ரோம உதிர்வு ஒரு விளைச்சலாகவே கருதப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அங்குப் பரவிய அங்கோரா முயலின் நீண்ட ரோமத்தை, அது தானே கழலும் பருவம் பார்த்து, ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் பறித்து நூலாக்கினர். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததைக் கொண்டு, இங்குள்ள முயல் வளர்ப்பை அந்த ஆட்சியின் எச்சமாகக் கொள்வது பொருந்தாது. சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் முதலிய இனங்கள் தென்னிந்தியாவில் பரவியதில் அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கே பெரும்பங்கு உண்டு. அவற்றுள் ஒன்று, கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் 1965-இல் நிறுவப்பட்டது.

ஐரோப்பிய முயலின் வழிவந்த இவ்வினங்கள் வெப்பமண்டலத்துக்கு வந்ததில்தான் இங்குக் காணும் ஓயாத ரோம உதிர்வின் முதற்காரணத்தைத் தேட வேண்டும். ரோமம் மாறும் காலத்தை முதன்மையாக அறிவிப்பது பகற்பொழுதின் நீளம். இருளில் சுரக்கும் மெலட்டோனின் என்னும் இயக்குநீரின் ஏற்ற இறக்கத்தால் உடல் பருவத்தை அறிந்து, பழைய ரோமத்தைக் கழித்துப் புதியதை வளர்க்கிறது. பாரிஸில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மணி நேர வேறுபாடு இருக்க, பாகூரில் அது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே ஐரோப்பாவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்களில் முடியும் உதிர்வு, இங்குக் கெடு ஏதுமின்றிச் சிறுகச் சிறுக நீள்வது வியப்பன்று. இரவிலும் விளக்கெரியும் வீட்டிற்குள் வளரும் முயலுக்கு அந்த மங்கலான குறிப்பும் குழம்பிவிடும்.

இரண்டாவது காரணம் தீவனத்தில் உள்ளது. 1970-களிலும் 1980-களிலும் விறகுக்கும் தீவனத்துக்குமாக நாடெங்கும் பரப்பப்பட்ட சூபாபுல் இலையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது ரோமக்கால்களின் வளர்ச்சியைத் தடுக்க, ரோமம் கற்றையாகக் கழலும். அசைபோடும் ஆடுமாடுகளின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இந்நஞ்சை ஓரளவு முறிக்கின்றன. அசைபோடாத முயலுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆட்டுக்கு உகந்த தழை முயலுக்கும் உகந்ததெனக் கொண்ட எண்ணம் இவ்விடத்தில் பெருந்தவறாகிறது. நெல் விளையும் பாகூரில் எளிதில் கிடைக்கும் வைக்கோலோ நார்ச்சத்தைத் தருமேயன்றி, ரோமம் வளரத் தேவையான புரதத்தைப் போதிய அளவு தராது.

சொறிப்பூச்சியும் படர்தாமரையும் எவ்வூர் முயலுக்கும் வருபவை. இயல்பான உதிர்வில் தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடலின் பின்புறம் நோக்கி ரோமம் மாற, அடியில் புது ரோமம் தெரியும். நோயிலோ தோல் வெளிப்பட்டு, பொடுகும் பொருக்கும் படியும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெளிவாகும்; வில்லியனூருக்கு அருகே குரும்பாபேட்டில் 1994-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால் இவ்வட்டாரத்தார் அதற்கு வெளியூர் செல்லும் தேவை குறைந்தது. நாயின் உண்ணிக்குப் பூசும் ஃபிப்ரோனில் மருந்தைத் தாமாகவே முயலுக்குப் பூசுவது அதன் உயிரையே பறிக்கக்கூடும்.