1815 – வாட்டர்லூ மட்டும்தானா?



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "விடுதிச் சாப்பாடு, கேண்டீன் டீ பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. நீங்க சரித்திரம் படிச்சவர், சரித்திரமே எழுதுங்க" என்றார்கள். சரி, நல்லதாய்ப் போயிற்று. ஒரே ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாமே என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்ட வருஷம் 1815.

இந்த எண்ணைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பவன்கூட எழுந்து "வாட்டர்லூ!" என்பான். ஜூன் 18, நெப்போலியன் தோல்வி, வெலிங்டன் வெற்றி, இரண்டு மதிப்பெண். தப்பில்லை. ஆனால் அந்த வருஷத்தில் நடந்தவற்றுள் உலகில் மிக அதிகம் பேரின் அடுப்பை அணைத்தது எது என்று கேட்டால், விடை வாட்டர்லூ அல்ல. அது ஒரு மலை. நம் பாடப் புத்தகங்களில் அந்த மலையின் பெயரை நான் பார்த்ததே இல்லை.

மலைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் செய்தி என்பது கப்பல் வேகத்தில், குதிரை வேகத்தில் போன சரக்கு. இங்கிலாந்தும் அமெரிக்காவும் 1812-லிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1814 டிசம்பர் 24-ஆம் தேதி பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் இரு தரப்பும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பதினைந்து நாள் கழித்து, 1815 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் இரு படைகளும் மோதுகின்றன! ஒப்பந்தச் செய்தி இன்னும் அட்லாண்டிக் கடலில் வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் முறைப்படி உறுதி செய்யப்படவில்லை, ஆகவே போர் முடியவில்லை என்று சட்டம் பேசுபவர்கள் பேசலாம். செத்தவனுக்கு அது என்ன ஆறுதல்? செத்தும் காயம்பட்டும் சிறைப்பட்டும் ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். உயிரிழந்த தளபதி எட்வர்ட் பேக்கன்ஹாம், வெலிங்டனின் மைத்துனர்.

இப்போது நமக்குப் பக்கத்தில் வருவோம். இலங்கை.

ஹாலந்து 1795-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடியில் போனதைச் சாக்காக வைத்து, டச்சுக்காரர்களிடமிருந்த இலங்கைக் கரையோரத்தை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். நடுவே மலைநாட்டில் கண்டி ராஜ்யம் மட்டும் தனியாக நின்றது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் இருவராலும் அதை நிரந்தரமாக அடக்க முடியவில்லை. 1803-இல் போன ஆங்கிலப் படையும் நாசமாகித்தான் திரும்பியது. 1815-இல் விழுந்ததே, எப்படி? பீரங்கியால் அல்ல, உட்பகையால்.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்த குடும்பம். 1798-இல் பட்டத்துக்கு வந்தவர். சிங்களப் பிரதானிகளுக்கும் அவருக்கும் இடையே பகை முற்றிக்கொண்டே போனது. முதன்மைப் பிரதானியான எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போனதும், அவருடைய மனைவி மக்களை 1814-இல் அரசன் கொல்ல வைத்தார். அந்தக் கொடுமையைப் பூசி மெழுக வேண்டியதில்லை. இந்தப் பகையை எண்ணெய் ஊற்றி வளர்த்தவர் ஜான் டாய்லி என்ற ஆங்கில அதிகாரி. நன்றாகச் சிங்களம் கற்றவர். ஓலைகளையும் ஒற்றர்களையும் வைத்துக்கொண்டே பாதி வேலையை முடித்துவிட்டார். பிப்ரவரி 14-இல் படை கண்டிக்குள் நுழைந்தது. 18-ஆம் தேதி அரசன் பிடிபட்டார். மார்ச் 2 அன்று அரச மண்டபத்தில் ஆளுநர் பிரவுன்ரிக் முன்னிலையில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. பிரதானிகள் கையெழுத்திட்டார்கள். அவற்றில் சில தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, 'மலபார்' இனத்தவருக்குக் கண்டி அரியணையில் இனி எந்த உரிமையும் இல்லை என்றது. தென்னிந்தியர்களை அன்றைய ஆங்கிலேயர் அப்படித்தான் எழுதினார்கள். அரசனின் ஆண் உறவினர்கள் நாடு கடத்தப்பட வேண்டும் என்றும் இருந்தது.

கையெழுத்துப் போட்டவர்கள் பிழைத்தார்களா? இரண்டே வருஷத்தில், 1817-இல், ஊவாப் பகுதியில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி வெடித்தது. எகலப்பொலவும் சந்தேகத்துக்கு ஆளாகி மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1829-இல் அங்கேயே இறந்தார்.

அரசனை 1816 தொடக்கத்தில் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். வேலூர் கோட்டைக்கு இது புதிதல்ல. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகளை வைத்த இடம் அது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதே கோட்டைக்குக் கண்டி அரசன் வந்தார். 1832 ஜனவரி 30-இல் இறக்கும் வரை பதினாறு வருஷம் அங்கேதான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவர் நினைவாகத்தான். வேலூர்ப் பக்கம் போகிற நம் நண்பர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

நிற்க. மார்ச் 2 என்றேன் அல்லவா? அதற்கு முந்தின நாள், மார்ச் 1 அன்றுதான் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி, ஏறக்குறைய ஆயிரம் பேரோடு பிரான்சின் தென்கரையில் இறங்கினார். கண்டியில் ஒரு ராஜா போன மறுவாரமே ஐரோப்பாவில் ஒரு ராஜா திரும்பி வருகிறார்! மார்ச் 20-இல் பாரிஸ். மீதிக் கதை உங்களுக்கே தெரியும், சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். ஜூன் 17 இரவு முழுக்க மழை. நிலம் காயட்டும் என்று நெப்போலியன் மறுநாள் நடுப்பகல் நெருங்கும்வரை காத்திருந்தார். அந்தத் தாமதத்தில் ப்ளூஷரின் பிரஷ்யப் படை வந்து சேர்ந்துவிட்டது. ஒரே பகலில் இரு தரப்பிலும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 40,000-க்கு மேல்.

வெலிங்டன் நமக்கு அந்நியர் அல்ல. நீலகிரியில் வெலிங்டன் இருக்கிறதே, அது அவர் பெயரில்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அசாயேவிலும் சண்டை போட்டவர். 1805-இல் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் தங்கினார். பத்து வருஷம் கழித்து, தோற்ற நெப்போலியன் அதே தீவுக்குக் கைதியாக வந்து முதல் சில வாரங்கள் தங்கியதும் அவர் தங்கியிருந்த அதே தோட்டத்தில்தான்! செயின்ட் ஹெலினாவில் நெப்போலியன் இருந்தது ஐந்தரை வருஷம். அதைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை அடுக்கினால் ஒரு நூலகம் தேறும். வேலூரில் பதினாறு வருஷம் இருந்தவரைப் பற்றி? ஒரு அலமாரித் தட்டு நிறையுமா என்பது சந்தேகம்தான்.

இனி அந்த மலை.

டச்சுக்காரர்களின் ஜாவாவும் நெப்போலியன் கைக்குப் போயிருந்ததால், 1811-இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்தும் சிப்பாய்களைக் கப்பலேற்றிப் போய் அதைப் பிடித்தார்கள். அங்கே துணை ஆளுநராக உட்கார்ந்தவர் முப்பது வயது ராஃபிள்ஸ். பின்னால் 1819-இல் சிங்கப்பூரை நிறுவினாரே, அவரேதான். 1815 ஏப்ரல் 5 மாலை ஜாவா முழுக்கக் குண்டு வெடிப்பது போல் சத்தம். யாரோ பீரங்கி சுடுகிறார்கள் என்று யோக்யகர்த்தாவிலிருந்து படை கிளம்பிவிட்டது. ஏதோ கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று கடற்கரையில் படகுகள் போயின. மறுநாள் சாம்பல் தூறிய பிறகுதான் எரிமலை என்று புரிந்தது. அப்போதும் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு மலை என்றே நினைத்தார்கள். வெடித்ததோ யோக்யகர்த்தாவிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, சும்பாவா தீவில் இருக்கும் தம்போரா.

ஏப்ரல் 5 வெறும் முன்னோட்டம். 10-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு மலையிலிருந்து மூன்று நெருப்புத் தூண்கள் எழுந்து உச்சியில் ஒன்றாகச் சேர்ந்தன என்று, பக்கத்துச் சங்கார் நாட்டு ராஜா பிறகு சொன்னார். அடுத்து வந்த சூறைக்காற்று வீடு, மரம், ஆடு மாடு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனது. கடல் ஏறி வயலை அடித்துக்கொண்டு போனது. சத்தம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவிலும் கேட்டது. சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று நாள் பகலே இல்லை. சுமார் 4,300 மீட்டர் உயரம் இருந்த மலை, எல்லாம் அடங்கியபோது சுமார் 2,850 மீட்டர். எழுதப்பட்ட வரலாற்றில் இதைவிடப் பெரிய எரிமலை வெடிப்பு இல்லை.

நெருப்பில் செத்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல் என்பது கணக்கு. பசியில் செத்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. சாம்பல் மூடிய வயலில் எது விளையும்? ஓவன் பிலிப்ஸ் என்ற அதிகாரியிடம் அரிசி கொடுத்து ராஃபிள்ஸ் அனுப்பினார். வழியோரப் பிணங்களையும், ஊர்களை விட்டு ஓடிய ஜனங்களையும் பிலிப்ஸ் அறிக்கையில் எழுதினார். சங்கார் ராஜாவின் சொந்த மகளே பட்டினியால் இறந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். ராஜா வீட்டுப் பெண்ணுக்கே கஞ்சி இல்லை என்றால் குடிசை வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

அதோடு முடியவில்லை. மலை கக்கிய கந்தக வாயு வான்மண்டலத்தின் மேலடுக்கில் ஏறி, மெல்லிய திரையாக உலகத்தைச் சுற்றிக்கொண்டு வெயிலைத் திருப்பி அனுப்பியது. (1809-இலேயே எங்கோ ஒரு பெரிய எரிமலை வெடித்து உலகத்தைக் குளிரவைத்திருந்தது என்பதைத் துருவப் பனிக்கட்டியைத் துளைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள்.) அடுத்த வருஷம், 1816, 'கோடை இல்லாத ஆண்டு'. அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி கொட்டியது. சுவிட்சர்லாந்திலும் தென் ஜெர்மனியிலும் கோதுமை அழுகி, ரொட்டி விலை எட்டாத உயரம் போனது. சீனாவின் யுன்னானில் நெல் பொய்த்துப் பஞ்சம். இந்தியாவில் அந்த வருஷப் பருவமழை முறை தவறியதும், 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலராவும் இதன் தொடர்ச்சியே என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. காலராவைப் பொறுத்தவரை நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், இதற்குக் காரணம் தம்போரா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. சூரியனில் கரும்புள்ளி என்றார்கள். இடிதாங்கிக் கம்பிகள்தான் காரணம் என்றார்கள். 1816 ஜூலை 18-இல் சூரியன் அணைந்துவிடும் என்று இத்தாலியிலிருந்து ஒரு ஜோசியம் கிளம்பி ஐரோப்பாவையே நடுங்க வைத்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி அடைந்து கிடந்த நண்பர்கள் பேய்க்கதை எழுதப் போட்டி போட்டதில் பிறந்ததுதான் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அங்கிருந்த கவிஞர் பைரனின் மகள் ஏடா 1815 டிசம்பரில் பிறந்தவர். கணினித் துறை மாணவர்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. டேவியின் பாதுகாப்பு விளக்கு, பிஸ்மார்க்கின் பிறப்பு, கூர்க்காக்களை ஆங்கிலப் படையில் சேர்த்தது எல்லாமே 1815-தான். இடம் போதாது, விட்டுவிடுகிறேன்.

எரிமலையையும் கெட்டுப்போன கோடையையும் விஞ்ஞானிகள் ஆதாரத்தோடு முடிச்சுப் போட்டது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1883-இல் வெடித்த கிரகடோவா தம்போராவைவிடப் பல மடங்கு சின்னது. ஆனால் அதன் பெயர் நமக்கெல்லாம் தெரியும். ஏன்? அதற்குள் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். செய்தி உடனே லண்டன் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. தம்போரா செய்தி பாய்மரக் கப்பலில் போய்ச் சேரும்போது, லண்டனில் வாட்டர்லூவைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மலையடிவாரத்தில் தம்போரா, பெக்காட் என்று இரண்டு சிறு ராஜ்யங்கள் இருந்தன. இரண்டும் குடிகளோடு போயின. தம்போரா மக்களுக்கு ஒரு தனி மொழி இருந்தது, அக்கம்பக்கத்துத் தீவுகளின் மொழிகளோடு உறவில்லாத மொழி. அதில் ஐம்பதுக்கும் குறைவான சொற்கள் 1817-இல் ராஃபிள்ஸ் வெளியிட்ட ஜாவா வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பட்டியலாக அச்சாகியிருக்கின்றன. அந்த மொழியில் மிச்சம் அவ்வளவுதான். 2004-இல் அங்கே மூன்று மீட்டர் சாம்பலைத் தோண்டியபோது ஒரு வீடு கிடைத்தது. மூங்கிலும் மரமும் கரியாகி, கட்டிய வாக்கில் அப்படியே இருந்தன. உள்ளே வெண்கலக் கிண்ணங்கள், மண்பாண்டங்கள், இரண்டு பேரின் எலும்புகள்.