ஓய்வு நேர இதயத்துடிப்பு: எண்ணை அல்ல, காரணத்தைக் குறைப்பதே வழி

உடல் ஓய்வில் இருக்கும்போதும் இதயம் விரைந்து துடிப்பதை மருந்தின்றிக் குறைக்க இயலுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலானோரைப் பொறுத்தவரை இயலும் என்பதே மருத்துவ ஆய்வுகள் தரும் விடை. ஆயினும், துடிப்பு ஏன் கூடியது என்பதை அறிந்துகொள்வதுதான் பாதுகாப்பான முதற்படி.

இயல்பு அளவு

வயது வந்தோருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையிலான துடிப்பு இயல்பானதாகக் கருதப்படுகிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இது 50க்கும் கீழே இருக்கக்கூடும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்த பின், மணிக்கட்டில் பெருவிரலின் பக்கம் இரண்டு விரல்களை வைத்து, 30 விநாடிகளுக்கு எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு நாளின் கணக்கை விட, சில நாட்கள் காலையில் எடுத்த கணக்கே நம்பத் தகுந்தது.

நோர்வே ஆய்வு

இந்த எண்ணின் முக்கியத்துவத்தை உணர்த்திய ஆய்வுகளில் ஒன்று நோர்வேயின் வட துரொண்டலாக் பகுதியில் நடந்தது. இதய நோய் இல்லாத 29,325 பேரின் துடிப்பு, சுமார் பத்தாண்டு இடைவெளியில் இருமுறை அளக்கப்பட்டது. முதலில் 70க்குக் கீழே இருந்து, பின்னர் 85க்கு மேல் சென்றவர்கள், இரு முறையும் 70க்குக் கீழே இருந்தவர்களை விட, இதயத்துக்கு இரத்த ஓட்டம் குறைவதால் ஏற்படும் நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 90 சதவீதம் அதிகம் என 2011ல் வெளியான முடிவுகள் காட்டின.

ஆனால் துடிப்பை மட்டும் குறைத்துவிட்டால் அபாயம் நீங்கிவிடுவதில்லை. இதயத் தமனி நோய் உள்ள, ஆனால் இதயச் செயலிழப்பு இல்லாத 19,102 பேரிடம் நடத்தப்பட்டு 2014ல் வெளியான சர்வதேச ஆய்வொன்றில், இவாபிரடீன் என்ற மருந்து துடிப்பைக் குறைத்தது. மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. அதாவது, விரைவான துடிப்பு பல வேளைகளில் நோயின் அறிகுறியே அன்றி நோயன்று.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது

இரத்தசோகை, தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குதல், காய்ச்சல், நீரிழப்பு, தூக்கமின்மை, மன அழுத்தம், சில ஆஸ்துமா மருந்துகள் ஆகியவை துடிப்பைக் கூட்டும். நீண்டகால நீரிழிவும் இதயத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளைப் பாதித்து, ஓய்விலும் துடிப்பை உயர்த்தக்கூடும்.

ஒஸ்லோவில் 2000க்கும் 2002க்கும் இடையே நடத்தப்பட்ட சுகாதார ஆய்வுகளில், இலங்கையிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடியேறியோரிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது. அந்நகரில் வாழும் இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே துடிப்பு தொடர்ந்து 90ஐத் தாண்டி இருந்தால், குடும்ப மருத்துவரிடம் சர்க்கரை, இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனைகள் பற்றிக் கேட்பது பயன் தரும்.

குறைக்கும் வழிகள்

முதலாவது நடை. பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றப் பழகுவதால், குறைந்த துடிப்பே போதுமானதாகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். சில மாதங்களில் நிமிடத்துக்குச் சில துடிப்புகள் குறைவதை எதிர்பார்க்கலாம். ஒஸ்லோவில், நிலத்தடி ரயிலின் கடைசி நிலையங்களில் ஒன்றான சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றிய சமதளப் பாதை, புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது.

இரண்டாவது, நிக்கோட்டினை விடுதல். சிகரெட் மட்டுமன்றி, நோர்வேயில் பரவலாக உள்ள ஸ்னுஸ் எனும் வாய்ப்புகையிலையும் துடிப்பை உயர்த்தும்.

மூன்றாவது, உறக்கம். விடியுமுன் துப்புரவுப் பணிக்கும் இரவுப் பணிக்கும் செல்வோருக்கு இது எளிதன்று எனினும், உறங்கும் நேரத்தை இயன்றவரை மாற்றாமல் வைப்பது உதவும். நிமிடத்துக்கு ஆறு முறை மட்டும் மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி, வேகஸ் நரம்பின் வழியே இதயத்தை அமைதிப்படுத்துகிறது. மது, சக்தி பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பதும், மிகையான உடல் எடையைக் குறைப்பதும் பலன் தரும்.

எச்சரிக்கைகள்

கொழுப்பு நிறைந்த மீன் உணவாக நல்லது. ஆனால் அதிக அளவு மீன் எண்ணெய் மாத்திரைகள் சீரற்ற துடிப்புக்கான அபாயத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதிமதுரத்தை மிகையாக உட்கொண்டால் பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் உயரும். பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோர், நடைப்பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. இதய நோயாளிகள் கடுங்குளிரில் வேகமாக நடப்பதைத் தவிர்த்து, அந்நாட்களில் உள்ளரங்கில் நடப்பது நல்லது.

நோர்வேயின் பல நகரசபைகளில் உள்ள 'ஃப்ரிஸ்க்லிவ்ஸ்சென்ட்ரால்' எனப்படும் நல்வாழ்வு மையங்கள், உடற்பயிற்சிக்கும் உணவு மாற்றத்துக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் வழிகாட்டுகின்றன. குடும்ப மருத்துவரும் அங்கு அனுப்பிவைக்கலாம்.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் துடிப்பு விரைந்தால் இவ்வழிகள் எதையும் முயன்றுகொண்டிருக்கக் கூடாது. நோர்வேயில் 113 என்ற அவசர எண்ணை உடனே அழைக்க வேண்டும். உயிராபத்து இல்லாத, ஆனால் மறுநாள் வரை காத்திருக்க இயலாத நிலைக்கு 116117 என்ற எண் உள்ளது.