ஆள் கணக்கு மட்டும் போதுமா? எச்.ஐ.வி.யை எதிர்க்கும் செல்களை அளந்த வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் தஞ்சோங் கிளிங் பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"எய்ட்ஸ்காரனைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். கிருமி இருக்கிறதா என்று தெரிந்த பிறகு, அதை எதிர்த்து உடல் எப்படிப் போராடுகிறது என்பதையும் அளக்க வேண்டும். அந்த அளவைகள் வளர்ந்த கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காலையில் பெரட்டுக்களத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆள் கணக்கு எடுப்பார்கள். யார் எவ்வளவு வேலை செய்தார் என்பது பால் நிறுக்கும்போதுதான் தெரியும். அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதற்கு இன்னொரு சோதனை வேண்டும். எச்.ஐ.வி. ஆய்வும் இந்த மூன்று படிகளில்தான் ஏறியது.

முதற்படி: ஆள் கணக்கு

1981-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மருத்துவர் மைக்கேல் காட்லீப், அரிய வகை நிமோனியாவால் தாக்கப்பட்ட இளைஞர்களைக் கண்டார். அவர்களின் இரத்தத்தில், நோய் எதிர்ப்புப் படைக்குக் கட்டளையிடும் டி செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இவற்றையே இன்று சி.டி.4 செல்கள் என்கிறோம்.

இவற்றை எண்ண உதவியது ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லெனார்டு ஹெர்சன்பெர்க் குழு இதை வளர்த்தெடுத்தது. ஒளிரும் சாயம் ஒட்டிய செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் ஒளியைக் கடந்து செல்லும்போது கருவி ஒவ்வொன்றாக எண்ணிவிடும். நலமாக உள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இச்செல்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், மாணவி செல்லப்பன் நிர்மலாவை இரத்த மாதிரிகள் திரட்டச் சொன்னார். சென்னையில் அன்று எச்.ஐ.வி. சோதனை வசதி இல்லை. நிர்மலா மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் இப்படித்தான் வெளிப்பட்டன. அதே 1986-ல் நம் மலேசியாவிலும் முதல் தொற்று பதிவானது.

இரண்டாம் படி: பால் நிறுவை

செல்கள் எத்தனை என்பது தெரிந்தது. அவை கிருமியை அடையாளம் கண்டு வேலை செய்கின்றனவா? 1987-ல் பாஸ்டன், பாரிஸ் ஆய்வாளர்கள் கதிரியக்கக் குரோமியத்தைப் பயன்படுத்தினார்கள். குரோமியம் ஏற்றிய செல்லை டி செல் கொன்றால் அது வெளியே கசியும், கசிந்ததை அளந்தார்கள். பலன் தந்தாலும் சிரமமான முறை அது.

பிறகு பரவலானது எலிஸ்பாட். 1983-ல் செசில் செர்கின்ஸ்கியும் குழுவினரும் வேறு தேவைக்காக வகுத்த முறை இது. 96 குழிகள் கொண்ட தட்டில் இரத்தச் செல்களையும் எச்.ஐ.வி. புரதத் துணுக்குகளையும் சேர்த்து வைப்பார்கள். துணுக்கை அடையாளம் கண்ட செல், காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கும். அது அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ளும். சாயம் ஏற்றினால் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி என்றால், வேலை செய்த ஒரு செல்!

2006 ஜனவரியில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் டி.பி.சி.-எம்4 என்ற தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இந்தியாவில் அதிகம் பரவியுள்ள சி வகைக் கிருமியின் மரபணுத் துண்டுகளைக் கொண்ட ஊசி அது. அதனால் தொற்று வராது. ஆரோக்கியமான 32 தொண்டர்கள் முன்வந்தார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே விலகிப்போகும் சமூகத்தில் கையை நீட்டியவர்கள் அவர்கள். ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோரிடம் எலிஸ்பாட் புள்ளிகள் தோன்றின. ஆனால் அவற்றின் வலிமை மிதமாகவே இருந்தது.

மூன்றாம் படி: பாலின் தரம்

2007 செப்டம்பரில் ஓர் அதிர்ச்சி. அமெரிக்க மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசிக்கான ஸ்டெப் சோதனையில் சுமார் 3,000 பேர் பங்கேற்றிருந்தார்கள். ஊசி போட்டவர்களில் பெரும்பாலோரிடம் எலிஸ்பாட் புள்ளிகள் நன்றாகவே தெரிந்தன. ஆயினும் தொற்று தடுக்கப்படவில்லை; சோதனை நிறுத்தப்பட்டது. வாளி நிறைந்திருந்தது, ரப்பர் இல்லை!

அதன் பிறகு ஒரு செல் ஒரே வேளையில் எத்தனை வகை வேலை செய்கிறது, எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கிறது என்பதில் ஆய்வாளர்களின் கவனம் கூடியது. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் 31 விழுக்காடு பாதுகாப்பு கிட்டியதாக 2009-ல் தெரியவந்தது. அங்கே பாதுகாப்போடு தொடர்புடையதாகத் தெரிந்தது கிருமியின் மேலுறையைப் பற்றும் எதிர்ப்பொருள். கொல்லும் டி செல் அல்ல. இன்றுவரை எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கிடைக்கவில்லை.

நமக்கு என்ன பாடம்?

தடுப்பூசி இல்லையென்றாலும் மருந்து இருக்கிறது. முன்பு சி.டி.4 குறையும்வரை காத்திருந்து மருந்து கொடுத்தார்கள். தொற்று உறுதியானவுடனே தொடங்க வேண்டும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஒழுங்காக மருந்து உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுத்ததற்காக மலேசியாவுக்கு 2018-ல் அந்நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தது. கர்ப்பிணித் தாய்மார்கள் தயங்காமல் சோதனைக்கு வந்ததே அதற்கு அடிப்படை.

நேயர்களே, பெரட்டுக்கு வராதவரின் பெயரைக் கணக்கில் எழுத முடியாது. எத்தனை நுட்பமான கருவி வந்தாலும், சோதனைக்கு வராதவரின் செல்லை அது எண்ணப் போவதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். சோதனை செய்துகொண்டவரை ஏளனம் செய்யாத ஊராக நம் ஊரை மாற்றுவோம்.